மான்டா வலையா, கப்பல் பம்ப்பா? துருவக் கடலில் நுண்நெகிழி அள்ளும் வழிகள்

மான்டா வலை கடல் மேற்பரப்பில் இழுக்கப்படுவது; பம்ப் கடல்நீரைக் கப்பலுக்குள் உறிஞ்சிச் சல்லடையில் வடிகட்டுவது. 2014 ஜூனில் நார்வேயின் ஆர்க்டிக் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டுக்குத் தெற்கே ஆய்வாளர்கள் இரண்டையும் ஒரே பயணத்தில் பயன்படுத்தினார்கள். மேற்பரப்பில் வலை தந்த சராசரி, கன மீட்டருக்கு 0.34 துகள், 6 மீட்டர் ஆழத்தில் பம்ப் தந்தது 2.68. ஆழத்தில்தான் அதிகம் என்று அவசரப்பட வேண்டாம். கண்ணி அளவே வேறு: வலையில் 333, பம்ப் சல்லடையில் 250 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு).

நழுவுவது:
வலை – மெல்லிய இழைகள்.
பம்ப் – மேலே மிதக்கும் துண்டுகள்.

நீரின் அளவு:
வலை – நூறு கன மீட்டருக்கு மேலும் போகும்.
பம்ப் – சில ஆயிரம் லிட்டர்.

பனி:
வலை – நொறுங்கிய பனி வாயை அடைக்கும். வலை வழியே போகும் நீரை அளக்கும் ஓட்டமானி சரியாகச் சுழலாவிட்டால் நீரின் அளவு குறைவாகப் பதிவாகி, துகள் செறிவு பொய்யாக ஏறும். அந்த இழுப்பைத் தூக்கி எறிவதே மேல்.
பம்ப் – கப்பல் ஓடும்போதே அள்ளலாம்.

கலப்படம்:
வலை – அதன் சொந்த நூல், கப்பல் பெயின்ட். கப்பல் விட்டுச் செல்லும் அலைச்சுவட்டுக்கு வெளியே, பக்கவாட்டில் இழுக்கவும்.
பம்ப் – குழாய், வால்வு, ரப்பர் வளையம். வெற்று மாதிரி (கருவியிலிருந்தே வரும் கலப்படத்தைக் காட்டுவது) எடுக்காமல் எண்ணவே கூடாது.

மேற்பரப்பில் இரை கொத்தும் ஃபுல்மார் பறவை பற்றிய கேள்விக்கு வலை. நீருக்குள் வாழும் சிறு ஓட்டுடலிகளான கிரில், கோபிபாட் என்றால் பம்ப். அதுவும் 250 மைக்ரான் போதாது, இன்னும் நுண்ணிய சல்லடை வேண்டும். அன்டார்டிக் கிரில் 31.5 மைக்ரான் மணிகளை விழுங்கி, 1 மைக்ரானுக்கும் கீழாக அரைத்துவிடுவது ஆய்வகத்தில் தெரிந்த விஷயம்.