லாரிப் பட்டையா, டி2-வா? கையால் செய்யும் சண்டைக் கத்திக்கு எந்த எஃகு

சொல்லிச் செய்யும் சண்டைக் கத்திக்கு எஃகு தேடி கொங்குப் பக்கத்தில் ரொம்ப அலைய வேண்டியதில்லை. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு என்று லாரியும் போர் போடும் ரிக் வண்டியும் நிறைந்த ஊர்களில் லாரிக்கு அடியில் பாரம் தாங்கும் ஸ்பிரிங் பட்டை கிடைக்கும். கோயம்புத்தூரில் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் டை செய்யும் டூல் ரூம்களில், அந்த டைகளுக்கான டி2 என்ற கருவி எஃகு மிச்சத் துண்டாகக் கிடைக்கும். நான் பட்டையில் செய்யச் சொல்லி வாங்கினேன். என் பங்காளி ஒருவர் கிட்டத்தட்ட அதே அளவில் டி2-வில் செய்து வைத்திருக்கிறார். என் மனம் பட்டைப் பக்கம்தான். அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு மேலே படியுங்கள்.

பாத்திரக் கடை எவர்சில்வர் இந்தப் பேச்சிலேயே வராது. 304 வகையை எவ்வளவு காய்ச்சித் தோய்த்தாலும் கடினம் ஏறாது. 'டமாஸ்கஸ்' என்று விற்பது பெரும்பாலும் இரண்டு வகை எஃகை அடுக்கி, காய்ச்சி அடித்து ஒட்டி, ஆசிட்டில் வரி எடுத்தது. தென்னிந்தியாவின் பழைய மூசை எஃகில், அதாவது மண் குடுவையில் உருக்கி எடுத்த எஃகில், வரி உள்ளிருந்தே வரும், அது வேறு சங்கதி. நொய்யல் கரைக் கொடுமணலில் இரும்பு உலைகள் அகழாய்வில் வெளிப்பட்டது உண்மைதான். அந்தப் பெயரைச் சொல்லி அடுக்கு எஃகை விற்கிறவரிடம் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

வடிவம் இரண்டு கத்திக்கும் ஒன்றேதான். அமெரிக்க மரைன் படை 1942-ல் எடுத்துக்கொண்ட கே-பார் கத்தியை மனதில் வைத்தோம்: 7 அங்குல அலகு, முன்பக்கம் முதுகைச் சரித்து இறக்கிய முனை. முதுகு பிடியருகே 5 மில்லி, முனை நோக்கிப் போகப் போக மெலிய வேண்டும். அப்படி மெலியாவிட்டால் முன்பாரம் கூடி, கையில் கொடுவாள் பிடித்த மாதிரி ஆகிவிடும். வீசி வெட்டுவதற்கு முன்பாரம் வேண்டும். சண்டைக் கத்தி மணிக்கட்டின் சிறு அசைவுக்கே திரும்ப வேண்டும். பிடிக்கும் அலகுக்கும் நடுவில் கையைக் காக்கும் குறுக்குத் தகடுதான் காப்பு; ஆள்காட்டி விரலை அதற்குக் கீழே கொடுத்தால் கத்தி இரண்டு பக்கமும் சாயாமல் நிற்பதுதான் கணக்கு. பிடி உருண்டையாக இருக்கக் கூடாது. நீள்வட்டமாக இருந்தால்தான் இருட்டிலும் வாய் (கூர் விளிம்பு) எந்தப் பக்கம் என்று கை சொல்லும்.

அளவை 7 அங்குலத்தில் நிறுத்தியதற்குச் சட்டமும் ஒரு காரணம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழுள்ள விதிகளில், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு ஆயுதப் பட்டியலில் வருகிறது. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் செய்ததற்கு விலக்கு உண்டு. தோட்டத்துக் கொடுவாள் தப்பிவிடும், சண்டைக் கத்திக்கு அந்தச் சலுகை கிடையாது.

இனி எஃகு. லாரிப் பட்டையில் கார்பன் 0.5 முதல் 0.65 சதவீதம் வரை இருக்கும். கூடவே வகையைப் பொறுத்து சிலிக்கானோ குரோமியமோ. டி2-வில் கார்பனே 1.5 சதவீதம், குரோமியம் சுமார் 12. காகிதத்தில் பார்த்தால் டி2 எங்கேயோ இருக்கிறது. எஃகின் கடினத்தை அளக்கும் ராக்வெல் கணக்கில் 60 சுலபமாக ஏறும். பட்டை 57-ஐச் சுற்றித்தான் நிற்கும்.

ஆனால் டி2-வை ஊர்ப் பட்டறை உலையில் பதம் ஏற்ற முடியாது. ஆயிரம் டிகிரிக்கு மேல் ஏற்றி, அதே சூட்டில் அரை மணி நேரம் போல நிறுத்தி, காற்றில் ஆறவிட வேண்டும். காற்றை உறிஞ்சி எடுத்துச் சூடேற்றும் வாக்குவம் உலை வைத்திருக்கும் ஹீட் டிரீட்மென்ட் கடைக்குத்தான் போக வேண்டும், அவர்களும் டைகளோடு சேர்த்துத்தான் போடுவார்கள். பட்டைக்குக் கரி உலையும் ஒரு காந்தமும் போதும். இரும்பு 770 டிகிரி வாக்கில் காந்தத்தை விட்டுவிடும். எனக்குச் செய்து கொடுத்த ஆசாரி, "காந்தம் விட்ட பொறவு இன்னுங் கொஞ்சம் வெளிச்சம் ஏறோணுமுங்க, அப்பத்தான் எண்ணெய்ல உடோணும்" என்றார். பிறகு, முறியும் தன்மை குறைய லேசாகக் காட்டும் மறுசூட்டில் வாய் வைக்கோல் நிறத்துக்கு வந்ததும் நிறுத்தி, முதுகை மட்டும் நீலம் பாயவிட்டார். வாய் கடினமாகவும் முதுகு வளைந்து கொடுக்கிறதாகவும் ஆவது அந்த நிற வித்தியாசத்தில்தான்.

அமெரிக்கன் பிளேட்ஸ்மித் சொசைட்டி என்று 1976-ல் தொடங்கிய கொல்லர் சங்கம் ஒன்று உண்டு. அவர்கள் வைக்கும் பரீட்சையில் ஒரே கத்தி தொங்கும் கயிற்றை ஒரே வீச்சில் வெட்ட வேண்டும், மரச்சட்டத்தை இரண்டு முறை வெட்டித் துண்டாக்க வேண்டும், அதன் பிறகும் கைமுடியை மழிக்க வேண்டும், கடைசியில் 90 டிகிரி வளைத்தாலும் உடையக் கூடாது. பட்டை ரக எஃகு அங்கே பேர் வாங்கியது சும்மா இல்லை. முழுக் கடினத்தில் இருக்கிற டி2 அந்த வளைப்பில் முறிந்துவிடும்.

இதெல்லாம் ஒரு பக்கம். எனக்கு முடிவைச் சொன்னது சாணை.

டி2 சீக்கிரம் மழுங்காது என்பது உண்மை. பங்காளி கத்தி கயிறும் அட்டையும் வெட்டிக்கொண்டே இருந்தது, என்னுடையது அதற்குள் கல்லைக் கேட்டுவிட்டது. ஆனால் மழுங்கின பிறகு என்ன என்பதுதான் கேள்வி. டி2-வுக்குள் குரோமியமும் கார்பனும் சேர்ந்து உண்டான, ரொம்பக் கடினமான பெரிய பெரிய குரோமியம் கார்பைடு மணிகள் இருக்கின்றன. நம் வீட்டுக் கார்போரண்டம் கல்லில் தேய்த்தால் கல் வழுக்கிக்கொண்டு ஓடும், தீட்டும்போது வாயில் எழும்பும் மெல்லிய பிசிறு வரவே நேரமாகும், எழும்பின பிசிறு லேசில் விடாது. டைமண்ட் தகடு வாங்கித்தான் அவர் வேலை நடந்தது. சைக்கிளில் சாணை பிடிக்க வருகிறவரிடம் கொடுத்தால் தீப்பொறி பறக்கும், கூர் வராது.

அதைவிட, டி2-வின் வாய் மடங்குவதற்குப் பதில் தெறிக்கும். அவர் கத்தி தேங்காய்த் தொட்டியில் பட்டு முனையருகே அரிசி முனை அளவுக்கு மூன்று சில்லு போனது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ரம்பம் போலத் தெரியும். அதைச் சமப்படுத்த வாயை முழுக்க ஒரு மில்லி போலத் தேய்த்து இறக்க வேண்டும். மெஷினில் வைத்தால் சூடேறிப் பதம் போய்விடும் என்ற பயம் வேறு. பட்டைக் கத்தி இப்படி அடிபட்டால் வாய் ஒரு பக்கம் சாயும், அவ்வளவுதான். சாதாரணக் கல்லில் தண்ணீர் விட்டு இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி இழுத்து, கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் நாலு இழுப்பு. ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். பதமே கெட்டுப்போனாலும் பிடியைக் கழற்றி அதே ஆசாரியிடம் மறுபடி உலையில் வைக்கலாம்.

துருவில் பட்டை தோற்கும், மறைக்க ஒன்றுமில்லை. மழைக்காலத்தில் துடைக்காமல் வைத்தால் காலையில் செம்புள்ளி நிற்கும். தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு தடவி, தோல் உறைக்குள் போடாமல் வெளியே வைக்க வேண்டும். உறை ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். டி2-வும் முழு எவர்சில்வர் அல்ல. அதன் குரோமியத்தில் பாதி கார்பைடில் மாட்டிக்கொள்வதால் நாளாவட்டத்தில் அதிலும் கறை விழும், ஆனால் மெதுவாக. கடலோரத்தில் வைத்துப் பார்த்த அனுபவம் எனக்கில்லை. அங்கே இருப்பவர்கள் இதை இன்னும் கனமாக எடை போடுவார்கள்.

பிடிக்கு மான் கொம்பு என்று யாராவது ஆசை காட்டினால் வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் மாட்டும். மோட்டார் காயில் கட்டும் கடைகளில் கிடைக்கும் துணி வகை ஹைலம் ஷீட் இருக்கிறதே, வெளிநாட்டுக் கத்திக்காரர்கள் மைக்கார்ட்டா என்று விலை கொடுத்து வாங்குவதும் அந்தச் சாதிதான். எண்ணெய்க் கையிலும் வழுக்காது. காப்புக்குப் பித்தளை. பிடிக்குள் போகும் காம்பு அலகோடு சேரும் மூலையை மட்டும் சதுரமாக வெட்டவிடாதீர்கள், வளைத்துவிடச் சொல்லுங்கள். கத்தி முறிந்தால் அங்கேதான் முறியும்.

பட்டை என்று முடிவு செய்தால் ஓடித் தேய்ந்ததை வாங்க வேண்டாம். வருஷக் கணக்கில் பாரம் ஏறி இறங்கின பட்டையில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கும், எண்ணெயில் விடும்போது 'டிக்' என்று விரியும். பட்டை கட்டும் கடையில் புதுப் பட்டையின் வெட்டுத் துண்டு எடைக்குக் கிடைக்கும், அதைக் கேளுங்கள். டி2 என்றால் ஹீட் டிரீட்மென்ட் கடையில் கடினம் பார்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். 58-க்கு இறக்கிப் போடச் சொன்னால் தெறிப்பு குறையும் என்கிறார்கள். பங்காளியின் அடுத்த கத்தி அப்படித்தான் வரப்போகிறது.