கணினி அறிவியலை எங்கே படிப்பது? பி.இ., பி.எஸ்சி., லிபரல் ஆர்ட்ஸ்: ஓர் ஒப்பீடு

பிளஸ் டூ முடிவு வரும் நாட்களில், கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க நினைக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் பேச்சு பெரும்பாலும் ஒரே தடத்தில் ஓடும். கட்-ஆஃப் எவ்வளவு, எந்த இன்ஜினியரிங் கல்லூரி, சி.எஸ்.இ. கிடைக்குமா, கிடைக்காவிட்டால் ஐ.டி.யா என்று. பி.எஸ்சி. என்ற சொல் "சீட் கிடைக்கலேன்னா பார்த்துக்கலாம்" என்ற இடத்தில்தான் வரும். லிபரல் ஆர்ட்ஸ் என்ற மூன்றாவது வழி பல வீடுகளில் பேச்சிலேயே வராது. மூன்று இடத்திலும் மையத்தில் இருப்பது ஒரே துறை. அந்தத் துறைக்குப் பக்கத்தில் வேறு என்னென்ன வைக்கிறார்கள் என்பதில்தான் இவை பிரிகின்றன. முடிவெடுக்கும்போது நாம் அதிகம் பார்க்க வேண்டியது அதைத்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் லிபரல் ஆர்ட்ஸ் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். இதன் தாய்வீடு அமெரிக்காவின் சிறு கல்லூரிகள். வில்லியம்ஸ், ஸ்வார்த்மோர் போன்ற இடங்களில் நான்கு ஆண்டுகளில் ஒரு மாணவர் சுமார் 32 பாடங்கள் எடுப்பார். கணினி அறிவியலை மேஜராக, அதாவது முதன்மைப் பாடமாக எடுத்தவருக்கு அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மட்டுமே அந்தத் துறைக்கும் அதற்குத் தேவையான கணிதத்துக்கும் போகும். மீதி இடத்தில் வரலாறு, பொருளாதாரம், இசை, மொழியியல் என்று அவரவர் விருப்பம். இப்படிப்பட்ட கல்லூரிகளின் கணினி ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து 1986-இல் தங்களுக்கென ஒரு மாதிரிப் பாடத்திட்டம் வகுத்தார்கள். துறையில் ஆசிரியர்கள் குறைவு, பாடங்களுக்கான இடமும் குறைவு. அதனால் எதை விட்டாலும் அல்காரிதம் (கணக்கைத் தீர்க்கும் படிமுறை), கணினியால் எது முடியும், எது முடியாது என்று ஆராயும் கணிப்புக் கோட்பாடு (தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன்), கணினி அமைப்பு ஆகிய அடித்தளத்தை விடக்கூடாது என்பதில் கவனமாக இருந்தார்கள். அந்தந்த ஆண்டுச் சந்தையில் ஓடும் மென்பொருளைக் கற்பிப்பதை இரண்டாம் இடத்துக்குத் தள்ளினார்கள். இந்தத் துணிவை நான் பெரிதும் மதிக்கிறேன்.

லிபரல் ஆர்ட்ஸ் வழியில் பி.ஏ. பட்டத்தோடு வரும் கணினிப் படிப்பு தரத்தில் குறைந்தது என்று நம் பக்கத்தில் ஒரு நினைப்பு உண்டு. அதற்குக் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகமே பதில் சொல்லும். அங்கே கணினி அறிவியலில் பி.ஏ.வும் உண்டு, பொறியியல் கல்லூரி தரும் மின்னியல்-கணினி பி.எஸ்.ஸும் உண்டு. அடிப்படைக் கணினிப் பாடங்களுக்கு இருவரும் ஒரே வகுப்பில்தான் உட்காருகிறார்கள். பொறியியல் பக்கம் இயற்பியலும் மின்னியலும் கூடுதலாக வரும், பி.ஏ. பக்கம் கலை, சமூகவியல் பாடங்கள் கூடுதலாக வரும். அமெரிக்காவில் படிப்பு முடிந்தபின் வேலை செய்ய 12 மாதம் கொடுத்து, அறிவியல் தொழில்நுட்பத் துறைகளுக்கு மேலும் 24 மாதம் நீட்டிப்பார்கள். அந்த நீட்டிப்புக்கும் துறையைத்தான் பார்க்கிறார்கள், பட்டத்தின் பெயரை அல்ல.

இந்தியாவில் இந்த மாதிரியைப் பெரிய அளவில் கொண்டுவந்தது ஹரியானாவின் சோனிபத்தில் 2014-இல் வகுப்புகளைத் தொடங்கிய அசோகா பல்கலைக்கழகம். நமக்குப் பக்கத்தில், சென்னைக்கு வடக்கே ஆந்திர எல்லைக்குள் ஸ்ரீ சிட்டியில் கிரேயா இருக்கிறது. இரண்டிலும் கணினி அறிவியல் மேஜர் உண்டு. அசோகாவில் சேர்ந்ததும் மேஜரை முடிவு செய்ய வேண்டியதில்லை. முதலில் எல்லோரும் ஃபவுண்டேஷன் பாடங்கள் படிக்க வேண்டும். இந்திய நாகரிகங்கள், செவ்வியல் நூல்கள், மனமும் நடத்தையும், அளவைச் சிந்தனை என்று அவை பல திசையில் போகும். மேஜரை அதன் பிறகு அறிவித்தால் போதும். பதினேழு வயதில் ஒரே துறையில் கையெழுத்துப் போடச் சொல்லாத இந்த ஏற்பாடு, இன்னும் தெளிவு வராத பிள்ளைகளுக்குப் பெரிய ஆறுதல்.

பி.இ.யில் நிலைமை நேர்மாறு. கலந்தாய்வில் கிளையைத் தேர்ந்த அன்றே எட்டு செமஸ்டரும் பெரும்பாலும் முடிவாகிவிடும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைகளைப் பாருங்கள். முதலாண்டில் அணிகளும் நுண்கணிதமும், பைத்தான், இயற்பியல், வேதியியல், இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ். பிறகு டிஸ்க்ரீட் மேத்ஸ் (தர்க்கம், கணங்கள், எண்ணும் முறைகள் பற்றிய கணிதம்), டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், அல்காரிதம்ஸ், ஆபரேட்டிங் சிஸ்டம், தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன், நெட்வொர்க்ஸ், கம்பைலர். இவற்றில் எதையும் ஒருவர் 'எனக்கு வேண்டாம்' என்று தாண்டிப் போக முடியாது. பி.இ.யின் உண்மையான பலம் இந்தக் கட்டாயம்தான் என்பேன். லிபரல் ஆர்ட்ஸில் சுதந்திரம் அதிகம் என்பதால், குறைந்தபட்சத் தேவையை மட்டும் முடித்துவிட்டு ஆபரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க்ஸ் போன்ற கடினமான சிஸ்டம்ஸ் பாடங்களைத் தொடாமலே ஒருவர் பட்டம் வாங்கிவிட முடியும். சுயமாகக் கடினமானதைத் தேடிப் போகிற இயல்பு இல்லாத பிள்ளைக்கு அந்தச் சுதந்திரம் உதவாது.

பி.இ.யின் குறை, பக்கத்தில் வைக்கும் பாடங்களில் தெரிகிறது. வேதியியலும் கிராஃபிக்ஸும் எல்லாப் பொறியியல் கிளைகளுக்கும் பொதுவான சுமை, கணினிக்காரருக்கு அவற்றால் பெரிய பயன் இல்லை. மனிதவியல் பக்கமிருந்து வந்த நல்ல சேர்க்கை தமிழர் மரபு, தமிழரும் தொழில்நுட்பமும் என்ற இரண்டு பாடங்கள். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கிரெடிட்தான். ஒரு கிரெடிட்டில் எந்தத் துறையும் மனத்தில் வேர் விடாது.

இனி, பலரும் இரண்டாம் பட்சமாக நினைக்கும் பி.எஸ்சி.க்கு வருகிறேன். நம் கலை அறிவியல் கல்லூரிகளின் அமைப்பைக் கவனியுங்கள். பகுதி ஒன்று தமிழ் அல்லது வேறு மொழி, பகுதி இரண்டு ஆங்கிலம், இவை பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகள். பகுதி மூன்று மேஜரும், அதற்குத் துணைப்பாடமான அலைடும். பகுதி நான்கில் வேறு துறையிலிருந்து எடுக்கும் விருப்பப் பாடமான என்.எம்.இ., சுற்றுச்சூழல் கல்வி. பகுதி ஐந்தில் என்.எஸ்.எஸ்., என்.சி.சி. போன்ற பணிகள். இது லிபரல் ஆர்ட்ஸின் எலும்புக்கூடு இல்லாமல் வேறென்ன? இதற்கு வரலாற்றுத் தொடர்பும் உண்டு. மதுரை அமெரிக்கன் கல்லூரியை 1881-இல் அமெரிக்க மிஷனரிகள் தொடங்கினார்கள். அதற்கும் 1948-இல் தொடங்கிய லேடி டோக் கல்லூரிக்கும், ஒஹையோவின் ஓபர்லின் என்ற லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியோடு பல பத்தாண்டு உறவு. 1978-இல் தமிழ்நாட்டில் முதன்முதலாகத் தன்னாட்சி பெற்ற கல்லூரிகளில் இவையும், லயோலாவும், சென்னை கிறித்தவக் கல்லூரியும் உண்டு. தன்னாட்சி என்றால் பாடத்திட்டத்தைக் கல்லூரியே வகுக்கலாம். கதவு திறந்துதான் இருக்கிறது.

அந்தக் கதவைப் போதிய அளவு பயன்படுத்தவில்லை என்பதுதான் என் வருத்தம். பல கல்லூரிகளின் பி.எஸ்சி. கணினிப் பாடத்திட்டம் ஒரு செமஸ்டருக்கு ஒரு புரோகிராமிங் மொழி என்று நகர்கிறது. தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன் இருக்காது, டிஸ்க்ரீட் மேத்ஸ் அலைடில் மெலிதாக வந்து போகும். தமிழ் வகுப்பும் கணினி வகுப்பும் ஒரே கட்டடத்தில் இருந்தும் ஒன்றையொன்று பார்ப்பதில்லை.

அவை பார்த்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். புணர்ச்சியில் மூன்று விகாரம் என்று எல்லோரும் படித்திருக்கிறோம். வாழை, பழம் சேர்ந்து வாழைப்பழம் ஆனால் தோன்றல். பொன், குடம் சேர்ந்து பொற்குடம் ஆனால் திரிதல். மரம், வேர் சேர்ந்து மரவேர் ஆனால் கெடுதல். நிலைமொழியின் கடைசி எழுத்தையும் வருமொழியின் முதல் எழுத்தையும் பார்த்து என்ன செய்வது என்று சொல்லும் விதிகள் இவை. இதில் பெரும்பகுதியை, தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷனில் படிக்கும் ஃபைனைட் ஆட்டோமேட்டா (ஒவ்வோர் எழுத்தாகப் படித்து நிலை மாறிச் செல்லும் கற்பனைப் பொறி) வகையைச் சேர்ந்த ஒரு பொறியாக எழுதிவிடலாம். தமிழ்ச் சொற்களைப் பகுத்துக் கொடுக்கும் மென்பொருள்கள் பலவற்றுக்கும் இந்த வகைப் பொறிகள்தான் அடிப்படை. இன்னும் எளிதாக வேண்டுமானால், பைத்தானிடம் 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேளுங்கள். 5 என்று சொல்லும், மூன்று எழுத்துதானே என்று நமக்குத் தோன்றும். கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறையான யூனிகோடில் இகரக் குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகளாக எண்ணப்படுவதால் வரும் வேறுபாடு அது. இது தெரியாமல் எழுதிய நிரல் தமிழ்ப் பெயர்களை நடுவில் வெட்டும், குறியை எழுத்திலிருந்து பிரித்து எங்கோ கொண்டுபோய் வைக்கும்.

பி.இ. மாணவருக்கு ஆட்டோமேட்டா தெரியும், ஆனால் கல்லூரியில் இலக்கண வகுப்பு இல்லை. பி.எஸ்சி. மாணவருக்கு இலக்கண வகுப்பு உண்டு, ஆட்டோமேட்டா பல இடங்களில் இல்லை. நல்ல லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் இரண்டையும் எடுத்து, இரண்டு ஆசிரியர்களின் மேற்பார்வையில் ஒரே புராஜெக்டாகச் செய்ய வழி உண்டு. கணினியோடு பொருளாதாரம், கணினியோடு உளவியல், கணினியோடு சட்டம் என்று எந்த இணைக்கும் இதே கணக்குத்தான். இந்தப் படிப்பின் மதிப்பு முழுவதும் இங்கேதான் இருக்கிறது. வெறுமனே பலதும் கொஞ்சம் கொஞ்சம் படித்தேன் என்று வந்தால் அது அரைகுறைதான்.

சரி, பணம். அசோகாவில் கட்டணமும் விடுதியும் சேர்த்தால் ஆண்டுக்குப் பத்து லட்சத்தைத் தாண்டும். குடும்ப வருமானத்தைப் பார்த்துச் சலுகை தருகிறார்கள், அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். சலுகை இல்லாமல் கடன் வாங்கிச் சேர்வதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். அரசு கலை அறிவியல் கல்லூரியில் ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாயில் படிப்பு முடியும். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் பொறியியலிலும் 7.5 சதவீத இட ஒதுக்கீடு உண்டு, கட்டணத்தை அரசே ஏற்கிறது. அதில் நல்ல கல்லூரியில் சி.எஸ்.இ. கிடைக்கும் பிள்ளை வேறெதையும் யோசிக்காமல் சேர்ந்துவிடலாம். அமெரிக்கா என்றால் ஆண்டுக்கு 80,000 டாலருக்கு மேல் ஆகும். ஆனால் ஆம்ஹெர்ஸ்ட், பவுடின் போன்ற சில கல்லூரிகள் வெளிநாட்டு மாணவரின் வசதியைப் பார்க்காமல் சேர்த்து, தேவையான முழு உதவியும் தருகின்றன. இடம் கிடைப்பது மிகக் கடினம், முயல்வதில் தவறில்லை.

வேலை விஷயத்தில் பி.இ.க்கு இன்னும் முன்னுரிமை இருக்கிறது. விப்ரோ போன்ற நிறுவனங்கள் பி.எஸ்சி., பி.சி.ஏ. முடித்தவர்களை எடுத்து வேலையோடு எம்.டெக். படிக்க வைக்கின்றன, ஆனால் தொடக்கச் சம்பளம் பி.இ. முடித்தவரை விடக் குறைவு. மேற்படிப்பில் மூன்றாண்டுப் பட்டம் ஒரு தடை. எம்.டெக். சேர்க்கைக்கான கேட் தேர்வை பி.எஸ்சி. மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம், ஆனாலும் பல எம்.டெக். இடங்கள் நான்காண்டுப் பட்டமோ எம்.எஸ்சி., எம்.சி.ஏ.வோ கேட்கும். எம்.சி.ஏ. இப்போது இரண்டு ஆண்டுதான் என்பதால், பி.எஸ்சி.யோடு சேர்த்து ஐந்தாண்டில் அந்தக் குறை தீரும். அசோகாவில் விரும்பினால் நான்காம் ஆண்டு படிக்கலாம், வெளிநாடு போக நினைப்பவர்கள் அதைக் கட்டாயம் எடுக்க வேண்டும்.

கணிதத்தில் உண்மையான காதல் உள்ள பிள்ளைக்கு மட்டும் நான் இந்த மூன்றையும் ஒதுக்கிவைக்கச் சொல்வேன். சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் கழகத்தின் பி.எஸ்சி. ஆனர்ஸ், கணிதமும் கணினி அறிவியலும், நுழைவுத் தேர்வு எழுதிச் சேர வேண்டியது. அங்கே பல ஆண்டுகளாக முதல் நிரலாக்கப் பாடத்தை, கணிதச் சார்புகளைப் போல நிரல் எழுத வைக்கும் ஹாஸ்கெல் மொழியில் நடத்தினார்கள், அதிலிருந்தே அவர்கள் போக்கு புரியும். மனிதவியல் பாடங்கள் அங்கே குறைவு, ஆழம் மிக அதிகம்.

என் தேர்வு இதுதான். இன்னொரு துறையின் மீது உண்மையான பிடிப்பு இருந்து, கட்டணச் சலுகையும் கிடைத்தால் லிபரல் ஆர்ட்ஸ். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகிறார், வேலை சீக்கிரம் வேண்டும் என்றால் நல்ல கல்லூரியின் பி.இ. ஆனால் பெயர் தெரியாத இன்ஜினியரிங் கல்லூரிக்கு லட்சங்களைக் கொட்டுவதா, நல்ல தன்னாட்சிக் கல்லூரியில் பி.எஸ்சி. படிப்பதா என்ற கேள்வி வந்தால், நான் பி.எஸ்சி. பக்கம்தான் நிற்பேன்.

அப்படிச் சேர்பவர்கள் இரண்டு வேலை செய்ய வேண்டும். சேருமுன் கல்லூரி இணையதளத்தில் பாடத்திட்டத்தை இறக்கி, டிஸ்க்ரீட் மேத்ஸும் அல்காரிதமும் மேஜரிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாததை இணையவழிப் பாடத்தளமான என்.பி.டி.இ.எல்.லில் ஈடுகட்டுங்கள். சென்னை கணிதவியல் கழகத்தின் மாதவன் முகுந்த் நடத்தும் அல்காரிதம் பாடம் அங்கே இலவசம். சான்றிதழ் வேண்டுமென்றால்தான் தேர்வுக் கட்டணம். மூன்றாம் ஆண்டு புராஜெக்டுக்குத் தலைப்பு கேட்கும்போது, கணினித் துறைக்குப் போகுமுன் தமிழ்த் துறை அறையையோ பொருளாதாரத் துறை அறையையோ ஒருமுறை தட்டிப் பாருங்கள்.