கேபினெட்டுக்கு முன்னால் கிரில்: சுங்கை சிப்புட் இரும்புப் பட்டறை ஒன்றைப் பற்றி

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுச் சாவி கைக்கு வந்த அன்று பேங்கில் மிச்சம் இருந்தது ஆறாயிரம் வெள்ளி (ரிங்கிட்). 180,000 வெள்ளிக்கு வாங்கிய பழைய ஒரு மாடி தெரஸ் வீடு, இருபதுக்கு எழுபது அடி. முன்பணத்தில் பாதி இ.பி.எஃப். என்கிற ஊழியர் சேமநிதியின் செஜாத்தெரா கணக்கிலிருந்து எடுத்தது, மீதி இரண்டு வருஷம் கட்டிய கூட்டுப் பணம் (சீட்டு). முதல் வீடு, விலையும் 500,000 வெள்ளிக்குள் என்பதால் முத்திரை வரி கட்டவில்லை. கட்டியிருந்தால் முதல் 100,000-க்கு ஒரு விழுக்காடு, மீதி 80,000-க்கு இரண்டு விழுக்காடு என்று 2,600 வெள்ளி போயிருக்கும். அது மிஞ்சியதால்தான் ஜன்னல் கிரில், கேட், கால்வாய் மூடி என்று இந்த இரும்பு வேலையையே செய்ய முடிந்தது.

வீட்டுக்காரர் கிச்சன் கேபினெட் முதலில் என்றார், மாமியார் சாமி மேடை என்றார். நான் இரும்பு வேலைதான் முதலில் என்று பிடிவாதமாக நின்றேன். பையனுக்கு நாலு வயது, மகளுக்கு ஒன்றரை. நான் பிறந்து வளர்ந்தது தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். அம்மா விடியற்காலையில் பெரட்டுக்கு (வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடத்துக்கு) போனால் நாங்கள் ஆயாக் கொட்டகையில் இருப்போம், சாயங்காலம் லயத்து வாசலில் யார் பிள்ளை ரோட்டுப் பக்கம் ஓடினாலும் எந்த வீட்டு அக்காவாவது சத்தம் போட்டு நிறுத்திவிடுவார். இந்தத் தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், அப்படி இல்லை. பகலில் எங்கள் வரிசையில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது, கதவைத் திறந்தால் கால்வாய், அதைத் தாண்டினால் ரோடு.

முதலில் வேறு ஊர் கடை ஒன்றில் 500 வெள்ளி முன்பணம் கொடுத்து ஏமாந்தோம். மூன்று வாரம் கழித்துக் குறுக்குக் கம்பி வைத்த ரெடிமேட் டிசைனைக் கொண்டுவந்து காட்டினார்கள். என் பையனுக்கு அது ஏணி. வேண்டாம் என்று சொல்லிப் பாதிப் பணத்தைத்தான் திரும்ப வாங்க முடிந்தது.

அப்புறம் பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் இந்தப் பட்டறைக்குப் போனோம். மெயின் ரோட்டை விட்டு உள்ளே போகும் சந்தில், டயர் கடைக்குப் பின்னால் இருக்கிறது, பெயர்ப் பலகை கிடையாது. பட்டறைக்கார அண்ணனுக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும், முன்பு செம்பனை ஆலையில் பிட்டராக இருந்தவராம். வீட்டுக்கு வந்ததும் டேப்பை எடுக்கவில்லை. "பிள்ளைங்களுக்கு எத்தனை வயசு தங்கச்சி, ராத்திரி எந்த ரூம்ல படுக்குறாங்க?" என்றுதான் முதலில் கேட்டார். எனக்கு அங்கேயே மனசு ஒத்துப்போய்விட்டது.

ஜன்னலுக்கு எல்லாமே நேர்க் கம்பி. இடைவெளி மூன்றரை அங்குலம், நாலைத் தாண்டினால் சின்னப் பிள்ளையின் தலை நுழைந்து மாட்டிக்கொள்ளும் என்றார். ஒவ்வொரு படுக்கை அறையிலும் ஒரு ஜன்னல் கிரிலைக் கதவு மாதிரி திறக்கும்படி செய்து பூட்டு வைத்தார். நான் செலவைப் பார்த்து ஒரு அறைக்குப் போதுமே என்றேன், அவர் கேட்கவில்லை. தீப்பிடித்தால் முன் கதவு வழியாக வர முடியாமல் கிரிலைப் பிடித்துக்கொண்டே செத்துப்போனவர்களைப் பற்றி நாமும் பேப்பரில் படித்திருக்கிறோம், பொம்பாக்காரர்களும் (தீயணைப்புப் படையினர்) இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். சாவி லைட் சுவிட்சுக்கு மேலே ஆணியில் தொங்குகிறது, பையனுக்கு எட்டாது, எங்களுக்கு இருட்டிலும் கை போகும். கிரில் போடுகிறவர்கள் தயவுசெய்து இந்த ஒன்றை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

கம்பி உள்ளே குழாய் மாதிரி வெற்றாக இருக்கும், அதன் சுவர்த் தடிப்பு 1.5 மில்லிமீட்டர். விலை கேட்ட இன்னொரு இடத்தில் 800 வெள்ளி குறைவாகச் சொன்னார்கள், பிறகுதான் தெரிந்தது அது 1.2 என்று. வெளியில் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான், அதனால் எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதி வாங்குங்கள். தண்ணீர் படுகிற பின் கதவுக்கு மட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அதுவும் 304 என்கிற ரகம். காந்தம் ஒட்டவில்லை என்றால் நல்ல சாமான் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். 201 என்கிற இன்னொரு ரகத்திலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாதாம், நிக்கல் குறைவு என்பதால் அது சீக்கிரம் துருப்பிடிக்கும் என்றார். பில்லில் 304 என்று எழுதிக் கொடுத்தார்.

கேட்டைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. பழைய தள்ளுகேட், தண்டவாளத்தின் கடைசியில் தடுப்பு இல்லை. கொஞ்சம் வேகமாக இழுத்தால் சக்கரம் வெளியே போய் மொத்த கேட்டும் சாய்ந்துவிடும், பிள்ளைகள் கேட்டில் தொங்கி விளையாடும்போது இப்படி ஆகி உயிர் போயிருக்கிறது. இரண்டு பக்கமும் தடுப்பு வெல்டிங் செய்து, மேலே பிடிப்பும் போட்டுச் சக்கரத்தை மாற்றியதற்கு 350 வெள்ளி. மொத்தச் செலவில் மனசுக்கு நிம்மதி தந்தது இந்த 350தான்.

கால்வாய்க்கு இரண்டடித் துண்டுகளாகக் கம்பி மூடி. வெளிக் கால்வாயைச் சிமெண்டால் நிரந்தரமாக மூடச் சொன்னேன், மறுத்துவிட்டார். அது நகராண்மைக் கழகத்துடையது, அதோடு திறந்து சுத்தம் செய்ய முடியாமல் குப்பை அடைத்துத் தண்ணீர் தேங்கினால் ஏடிஸ் கொசு வந்துவிடும், ஒரு வாரம் போதும் என்றார். எங்கள் பக்கம் சாயங்கால மழை எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இது புரியும்.

குறையும் சொல்ல வேண்டும். சொன்ன நாளுக்குப் பன்னிரண்டு நாள் தாமதம், அதுவரை பிள்ளைகளை அம்மா வீட்டில் விட்டிருந்தேன். வெல்டிங் பொறி பட்டு வாசல் டைல்ஸில் நாலைந்து கரும்புள்ளி விழுந்துவிட்டது, கீழே ஒரு தகரம் விரித்திருக்கலாம். சாயத்தைப் பட்டறையிலேயே அடித்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். நான் சொல்லாமல் விட்டதால் வீட்டுக்குள் அடித்தார்கள், வாடை மூன்று நாள் போகவில்லை, கைக்குழந்தையை வைத்துக்கொண்டு தவித்துவிட்டேன். ரசீதும் கேட்டால்தான் வரும்.

கேட், கால்வாய் மூடி எல்லாம் சேர்த்து 4,120 வெள்ளி. கேபினெட் இன்னும் இல்லை, சட்டி பானை மேசைக்கு அடியில்தான் இருக்கிறது. போன மாதம் மகள் அறைக் கிரிலின் கீல் இறுகிவிட்டது என்று போன் செய்தேன், அன்று மாலையே வந்து சரிசெய்துவிட்டுக் காசு வாங்காமல் போனார். பின்பக்கக் கால்வாய் மூடி ஒன்று மட்டும் மாமியாரால் தூக்க முடியாத கனம், அதை இரண்டாக வெட்டித் தர இந்தச் சனிக்கிழமை வருகிறார்.