கரஸ்ல சைக்காலஜி டிகிரி, கையோட ஆர்சிஐ நம்பர்னு சொன்னா நம்பாதீங்க: 78,000 ரூபாய் போச்சு

78,000 ரூபாய். எங்க வீட்டுப் பொண்ணு மனநல ஆதரவுப் பணிக்குப் படிக்கணும்னு ஆசைப்பட்டதுக்கு வந்த பில்லு இது. என்னென்ன பார்த்துச் சேரணும்னு கடைசியில எழுதறேன், முதல்ல நடந்ததைச் சொல்லிடறேன்.

பேரு போடல. வெளிமாநிலப் பல்கலைக்கழகம் ஒண்ணோட பேரைப் பலகையில எழுதி, மாடியில ரெண்டு ரூம்ல நடத்துற ஸ்டடி சென்டர். பாதி ஊர்ல பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல இப்படி ஒண்ணு இருக்கும். அவங்க வித்தது மூணு வருஷ பி.எஸ்சி. சைக்காலஜி, முழுக்கக் கரஸ்ல, அதாவது அஞ்சல் வழியில. முடிச்ச கையோட ஆர்சிஐ நம்பர் (க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மாதிரி ஆளுங்களைப் பதிவு பண்ற இந்திய மறுவாழ்வு கவுன்சிலோட பதிவு எண்), ஆஸ்பத்திரியில கவுன்சலர் வேலை.

நம்ப வெச்ச இடம்தான் முக்கியம். அட்மிஷன் மேடம் கம்ப்யூட்டரைத் திருப்பி, பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யூஜிசியோட சைட்டைத் திறந்து, பல்கலைக்கழகத்தோட பேரைக் காட்டுனாங்க. "கவர்மென்ட் சைட்லயே இருக்கு பாருங்கம்மா, இதுக்கு மேல என்ன வேணும்?" காட்டுனது உண்மையான பட்டியல்தான். ஆனா அது பட்டம் கொடுக்கிற அதிகாரம் உள்ள பல்கலைக்கழகங்களோட பட்டியல். கரஸ்ல நடத்த யூஜிசியோட தொலைநிலைக் கல்விப் பிரிவு, அதாவது டெப், தனியா அனுமதி கொடுக்கணும். அதுவும் எந்தக் கோர்ஸ், எந்த வருஷம்னு குறிப்பிட்டு. அந்தப் பக்கத்தை மட்டும் திறக்கவே இல்ல.

திறந்திருந்தா குட்டு உடைஞ்சிருக்கும். 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையில இருந்து சைக்காலஜியைக் கரஸ்லயும் ஆன்லைன்லயும் நடத்தவே கூடாதுன்னு யூஜிசி நிறுத்திடுச்சு. 2021-ல வந்த துணைநிலை சுகாதாரத் தொழிலர் சட்டத்துக்குள்ள சைக்காலஜியும் வருதுங்கிறதுதான் காரணம். எவ்வளவு பெரிய பல்கலைக்கழகமா இருந்தாலும் இதே கதைதான். இவங்க பணம் வாங்குனது அதுக்கு அப்புறம்.

ஆர்சிஐ நம்பர் இன்னும் பெரிய பொய். ஆர்சிஐ ஒப்புதல் கொடுத்த நிறுவனத்துல, ஒப்புதல் கொடுத்த கோர்ஸைப் படிச்சாத்தான் பதிவேட்டுல பேர் ஏறும். க்ளினிக்கல் சைக்காலஜின்னா முழுநேரப் படிப்பு, மேற்பார்வையில நேரடியா நோயாளிகளைப் பார்க்கிற பயிற்சி எல்லாம் உண்டு. வெறும் பி.எஸ்சி. சைக்காலஜிக்கு, அது ரெகுலரா இருந்தாலுமே, நம்பர் கிடையாது. பதிவில்லாம அந்தத் தொழில் பண்ணுனா 1992 ஆர்சிஐ சட்டம் 13-வது பிரிவுல ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல 1,000 ரூபாய் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். டிகிரின்னு சொல்லி அந்தப் பொண்ணு தலையில ஒரு கேஸைக் கட்டப் பார்த்திருக்காங்க.

பணம் போன வழி இது. 18,000 ரொக்கம். ரசீது பல்கலைக்கழகம் பேர்ல இல்ல, ஏதோ ஒரு டிரஸ்ட் பேர்ல. மீதி 60,000 "வட்டியில்லாத தவணை", மாசம் 5,000 வீதம் 12 மாசம். ஃபீஸைப் பிரிச்சுக் கட்டற வசதின்னு சொல்லித்தான் ஓடிபி வாங்குனாங்க. அசல்ல அது ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி கடன். பணம் மொத்தமா சென்டருக்குப் போயிடும், கடன் பொண்ணோட அம்மா பேர்ல நிக்கும். கோர்ஸே இல்லைன்னாலும் மாசாமாசம் அக்கவுண்ட்ல எடுப்பான். நிறுத்துனா பவுன்ஸ் சார்ஜ், சிபில் கடன் ஸ்கோரும் அடி வாங்கும்.

ரோல் நம்பர் கேட்டா முதல்ல "சர்வர் டவுன்". அப்புறம் "டெப் ஐடி நாங்களே போட்டுக்கிறோம், ஆதார் ஓடிபி மட்டும் சொல்லுங்க". அந்த ஐடியை மாணவர்தான் போடணும், அதுவும் சேர்றதுக்கு முன்னாடியே. அடுத்தது "அப்ரூவல் வந்துட்டே இருக்கு சார்". அதுக்கும் மேல, "பி.ஏ. சோஷியாலஜிக்கு மாத்தித் தர்றோம், 4,000 மட்டும் கட்டுங்க". மனநலத்துக்கும் சோஷியாலஜிக்கும் என்னங்க சம்பந்தம்? ரீஃபண்ட் கேட்டா அந்த மேடம் வேலையை விட்டுப் போயாச்சு, "கடன் கொடுத்தவங்ககிட்டப் பேசுங்க"ன்னு இவங்க. "இன்ஸ்டிட்யூட் கேன்சல் மெயில் போடணும்"னு அவங்க. பல்கலைக்கழகத்துக்கு எழுதுனா, அந்தப் பேர்ல எங்களுக்கு மையமே இல்லைன்னு ஒரே வரி. நடுவுல 78,000.

விளக்கமா எழுதப் பொறுமை இல்ல, இதை மட்டும் பிடிச்சுக்கோங்க. கரஸ்ல எந்தக் கோர்ஸா இருந்தாலும் டெப் சைட்டை உங்க போன்ல நீங்களே திறந்து, கோர்ஸையும் வருஷத்தையும் பாருங்க. ஃபீஸ் பல்கலைக்கழகத்தோட சொந்த போர்ட்டல்ல மட்டும். ஓடிபி யாருக்கும் கிடையாது. தடைக்கு முன்னாடி சேர்ந்த மாதிரி "பழைய பேட்ச்ல சேர்த்துடறோம்"னா எழுந்து வந்துடுங்க. தவணைன்னு சொன்னா கடன் கொடுக்கிறது யாருன்னு கேளுங்க. கையெழுத்துப் போட்டாச்சுன்னா கூலிங்-ஆஃப், அதாவது அபராதமில்லாம கடன்ல இருந்து விலகற அவகாசம், எத்தனை நாள்னு உடனே பாருங்க, அதுக்குள்ள அசலையும் அதுவரைக்குமான வட்டியையும் கட்டி வெளிய வரலாம். ஆனா சென்டர் பணத்தைத் திருப்பணும், அதுதான் சிக்கல். கடன் கொடுத்த கம்பெனிக்குப் புகாரை எழுத்துல கொடுங்க. 30 நாள்ல பதில் இல்லைன்னா ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேன், அதாவது குறைதீர்ப்பாளர்கிட்டப் போங்க. சென்டர் மேல நுகர்வோர் உதவி எண் 1915, அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டுன தொகை 5 லட்சத்துக்குள்ளன்னா அங்க மனுவுக்குக் கட்டணம் இல்ல.

5-ஆம் தேதி அடுத்த தவணை எடுப்பான். ரசீது நகல் எடுத்துட்டு போலீஸ் ஸ்டேஷன் கிளம்பறேன், மத்ததுக்கு அப்புறம் பதில் போடறேன்.