ஃப்ளாட்டுக்கு ஃப்ளாட் தண்ணீர் மீட்டர்: எந்த வளாகத்துக்கு லாபம், எந்த மீட்டர் தேறும்

சென்னையின் பழைய மாமல்லபுரம் சாலை, மேடவாக்கம், பெரும்பாக்கம் பக்கத்து அடுக்குமாடி வளாகங்கள் பலவற்றில் தண்ணீர்ச் செலவை மெயின்டனன்ஸோடு சேர்த்துச் சதுர அடிக் கணக்கில்தான் பிரிக்கிறார்கள். பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கும் ஆறு பேர் இருக்கும் வீட்டுக்கும் ஒரே தொகை. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்ற குடிநீர் ஏரிகள் நான்கும் வறண்டு, தண்ணீர் லாரிக்குக் காத்துக் கிடந்த நாளிலிருந்து வீட்டுக்கு வீடு மீட்டர் போடும் பேச்சு பொதுக்குழுக் கூட்டங்களில் ஓயவில்லை.

அந்தப் பேச்சில் இரண்டு கேள்விகள் எப்போதும் குழம்பிப் போகின்றன. ஒன்று, தண்ணீர்ச் செலவை யார் எவ்வளவு ஏற்பது என்பது. மற்றது, வளாகத்தின் மொத்தச் செலவு குறையுமா என்பது. முதலாவதை எந்த மீட்டரும் தீர்த்துவிடும். ஆனால் அது மிச்சம் ஆகாது, ஒருவர் பையிலிருந்து இன்னொருவர் பைக்குப் போகும் பணம்தான். உண்மையான மிச்சம் இருக்கிறதா என்று தெரிய, கடைசியாக வரும் ஒரு லிட்டர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும்.

போர் தண்ணீர் மட்டுமே போதுமான வளாகம் என்றால் கணக்கு சீக்கிரம் முடிந்துவிடும். 60 மீட்டர் ஆழத்திலிருந்து தூக்கி இன்னொரு 20 மீட்டர் மேலே ஏற்ற, பம்ப்செட்டின் மொத்தத் திறன் 40 சதவீதம் என்று கொண்டால், ஆயிரம் லிட்டருக்கு அரை யூனிட்டுக்குச் சற்று மேல் மின்சாரம் பிடிக்கும். யூனிட் 8 ரூபாய் என்றாலும் 5 ரூபாயைத் தாண்டாது. நான்கு பேர் உள்ள வீடு, தலைக்கு 135 லிட்டர் என்ற மத்திய அரசின் அளவுகோல்படி மாதம் 16 கிலோலிட்டர் (16,000 லிட்டர்) செலவழிக்கும். அதன் மின்செலவு 80 ரூபாய். அதில் கால் பங்கை மிச்சம் பிடித்து மீட்டர் விலையை எடுக்கவே முடியாது. அங்கே மீட்டர் வேண்டும் என்பவர்கள் நிலத்தடி நீருக்காக வேண்டும் என்று சொல்லலாம், அது மதிக்க வேண்டிய காரணம். பணம் மிச்சமாகும் என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. சென்னைக் குடிநீர் வாரியத்தின் (மெட்ரோவாட்டர்) இணைப்புக்கு மீட்டர் இல்லாமல் நிலையான தொகை மட்டும் கட்டும் கட்டிடங்களுக்கும் இதே பதில்தான்.

லாரி வரும் வளாகத்தில் நிலைமை வேறு. 12,000 லிட்டர் லாரி 1,800 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கிலோலிட்டர் 150 ரூபாய், போர் தண்ணீரைப்போல 30 மடங்கு. தண்ணீர்ப் பயன்பாடு குறையும்போது முதலில் நிற்பது லாரிதான். ஆகவே மிச்சமாகும் ஒவ்வொரு லிட்டரையும் லாரி விலையில் மதிக்கலாம்.

அடுத்து எண்ண வேண்டியது இன்லெட், அதாவது ஃப்ளாட்டுக்குள் தண்ணீர் நுழையும் குழாய். சென்னையில் பெரும்பாலான கட்டிடங்களில் ஒரு ஃப்ளாட்டுக்கு ஒரே குழாய் வருவதில்லை. மொட்டை மாடித் தொட்டியிலிருந்து ஒவ்வொரு ஷாஃப்ட் (குழாய்கள் இறங்கும் செங்குத்து இடைவெளி) வழியாகவும் தனித்தனியாக இறங்கும்: குளியலறைக்கு ஒன்று வீதம் இரண்டு, சமையலறைக்கு ஒன்று, துணி துவைக்கும் இடத்துக்கு ஒன்று. இரண்டு படுக்கையறை வீட்டுக்கே நான்கு மீட்டர். மேலே பொதுச் சோலார் ஹீட்டர் இருந்தால் அந்தச் சுடுதண்ணீர்க் குழாயும் ஒரு இன்லெட்தான். கொட்டேஷன் தருபவர்கள் அதை விட்டுவிடுவது வழக்கம். அது மீட்டரில் வராமல் போனால், குளிக்கும் தண்ணீர் பாதி இலவசமாகிவிடும்.

40 ஃப்ளாட், நான்கு இன்லெட், பாதித் தண்ணீர் லாரி என்று ஒரு வளாகத்தை எடுத்துக்கொள்வோம். மாதம் 640 கிலோலிட்டர் தேவை. மீட்டர் போட்ட பின் 20 சதவீதம் குறைந்தால் 128 கிலோலிட்டர் மிச்சம். அதாவது பத்து லாரிக்குச் சற்று மேல், பத்து என்றே வைத்தால் 18,000 ரூபாய். சாதாரண மெக்கானிக்கல் மீட்டர் 1,500, யூனியன் (கழற்றி மாட்டும் இணைப்பு), பால் வால்வு, கூலி எல்லாம் 1,000 என்றால் 160 இன்லெட்டுக்கு 4 லட்சம். வருடம் முழுக்க லாரி வரும் இடத்தில் 22 மாதத்தில் முதல் திரும்பிவிடும். கோடையில் மூன்று மாதம் மட்டும் லாரி என்றால் வருட மிச்சம் 54,000தான், ஏழு வருடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் பல மீட்டர்கள் மாற்றுக்கு வந்து நிற்கும்.

ஒலி அலையால் ஓட்டத்தை அளக்கும் அல்ட்ராசோனிக் ஸ்மார்ட் மீட்டருக்குப் பொருத்துவதோடு 6,000 ரூபாய், ஃப்ளாட்டுக்கு மாதச் சந்தா 100 ரூபாய் என்று வைத்துப் பாருங்கள். முதலீடு 9.6 லட்சம், சந்தா போக மாத மிச்சம் 14,000. முதல் திரும்ப ஆறு வருடத்தை நெருங்கும். அதே மீட்டர், ஒரே இன்லெட் உள்ள புதிய கட்டிடத்தில் 2.4 லட்சம்தான், 17 மாதத்தில் தேறிவிடும். மீட்டரின் தரத்தைவிட பில்டர் குழாயை எப்படி இழுத்திருக்கிறார் என்பதே இந்த முடிவைத் தீர்மானிக்கிறது. விலைகளையும் சதவீதத்தையும் உங்கள் வளாகத்துக்கு ஏற்ப மாற்றிப் போடுங்கள். 20 சதவீதத்துக்குப் போடும் கணக்கை 10க்கும் கட்டாயம் போட்டுப் பாருங்கள்.

இனி மீட்டர்கள்.

அரை அங்குலக் குழாய்க்கு 15 மி.மீ. மல்டிஜெட் (சக்கரத்தில் பல துளைகள் வழியாகத் தண்ணீர் அடிக்கும்), டிரை டயல் (எண் பகுதிக்குள் தண்ணீர் புகாத) மெக்கானிக்கல் மீட்டர்தான் நம் தண்ணீருக்கு ஈடுகொடுக்கும் அடிப்படைத் தேர்வு. ஒரே துளை உள்ள சிங்கிள் ஜெட் மலிவு, ஆனால் குழாய் வளைவு (எல்போ) ஒட்டினாற்போல வந்தால் ரீடிங் கெடும். ஷாஃப்டுக்குள் நேரான குழாய் நீளம் கிடைப்பது அபூர்வம் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது. ஐ.எஸ். 779 தரப்படி 15 மி.மீ. கிளாஸ் பி (துல்லிய வகை) மீட்டருக்கு நாமினல் ஓட்டம், அதாவது வழக்கமான ஓட்டம், மணிக்கு 1,500 லிட்டர், ஒழுங்காக அளக்கும் குறைந்தபட்ச ஓட்டம் மணிக்கு 30 லிட்டர். அந்த 30 லிட்டர்தான் இந்த மீட்டரின் பலவீனம். ஃபிளஷ் டேங்கின் அடி வாஷர் தேய்ந்து மணிக்கு 10 லிட்டர் கசிந்தால், மீட்டர் அதைக் கவனிக்காமலே இருந்துவிடலாம். நாளைக்கு 240 லிட்டர், மாதம் 7.2 கிலோலிட்டர். லாரி விலையில் 1,080 ரூபாய், யார் பில்லிலும் வராமல் பொதுக் கணக்கில் போய்ச் சேரும். அதனால் புதிய ஐ.எஸ்.ஓ. 4064 முறைப்படி முகப்பில் ஆர் 160 என்று குறித்த மீட்டருக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். ஆர் எண் கூடக் கூட மீட்டர் இன்னும் மெல்லிய ஓட்டத்தையும் அளக்கும். கியூ3 என்ற வழக்கமான ஓட்டம் மணிக்கு 2.5 கனமீட்டராக உள்ள 15 மி.மீ. மீட்டரில் ஆர் 80 என்றால் மணிக்கு 31 லிட்டர், ஆர் 160 என்றால் 15.6 லிட்டர் வரை பிடிக்கும். ஆனால் மெக்கானிக்கலில் ஆர் எண் பெரும்பாலும் டயல் மேல்நோக்கி, மீட்டர் படுக்கையாக இருந்தால்தான் செல்லும். செங்குத்துக் குழாயில் மாட்டினால் தரம் இறங்கும். டயலின் பக்கத்தில் ஹெச் (படுக்கை), வி (செங்குத்து) என்ற எழுத்துகளுக்கு எதிரே உள்ள எண்களைப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள்.

அல்ட்ராசோனிக் மீட்டரில் சுழலும் பாகம் இல்லை. கசிவுகூட ரீடிங்கில் வரும், எந்தப் பக்கம் சாய்த்து மாட்டினாலும் பெரும்பாலானவை ஒத்துக்கொள்ளும். இரவு இரண்டு மணிக்கு ஓட்டம் இருந்தால் செயலியில் எச்சரிக்கை வரும். மீட்டர் பணத்தைக் காப்பாற்றுவது உண்மையில் இந்த இடத்தில்தான், மாதக் கடைசியில் வரும் பில்லில் இல்லை. குறைகள்: குழாயில் காற்று வந்தால் அளவு நின்றுவிடும், கடின நீரில் உள்ளே உப்பு படியும், பேட்டரி பெரும்பாலும் உடலோடு ஒட்டி மூடப்பட்டிருக்கும், அது தீர்ந்தால் மீட்டரையே மாற்ற வேண்டும். சந்தா நிறுத்தினால் ரீடிங் முகப்பில் தெரியுமா, இல்லை செயலியோடு போய்விடுமா என்று எழுத்தில் கேளுங்கள். டிஸ்ப்ளே இல்லாத மாடலை எங்கள் மதிப்பில் பரிந்துரைக்க முடியாது. விற்றவர் கடையை மூடினால் வளாகமே குருடாகிவிடும்.

நடுவழியும் ஒன்று உண்டு. இப்போது மெக்கானிக்கல் போட்டு, பின்னால் பல்ஸ் சென்சார் (ரீடிங்கைத் தானே அனுப்ப உதவும் கருவி) மாட்ட வசதி உள்ள மாடலை வாங்குவது. 160 மீட்டரை மாதாமாதம் டார்ச் அடித்துப் படிப்பது சின்ன வேலை இல்லை. ஷாஃப்டுக்குள் ஈரம் கோத்துக் கண்ணாடி மங்கும். தூசியும் நீரும் புகாத ஐ.பி. 68 அடைப்புள்ள, செம்பு உறை போட்ட ரெஜிஸ்டர் (எண் காட்டும் பகுதி) என்றால் அந்தத் தொல்லை குறையும்.

மேல்மாடி வீட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டியது அழுத்தம். கிளாஸ் பி மெக்கானிக்கல் மீட்டர் நாமினல் ஓட்டத்தில் இரண்டரை மீட்டர் நீர் உயரம் வரை அழுத்தத்தைத் தின்னலாம். ஓட்டம் பாதியானால் இழப்பு கால் பங்காகும். ஒரு குளியலறை ஷவருக்கு நிமிடம் 10 லிட்டர் போனால் இழப்பு 40 சென்டிமீட்டர்தான். பக்கெட் குழாயும் சேர்ந்து 20 லிட்டர் என்றால் 1.6 மீட்டர். தொட்டிக்கும் ஷவருக்கும் நடுவே மூன்று மீட்டர்தான் இருக்கும் மேல்மாடியில் அது பாதிக்கு மேல். கீழ்த் தளங்களில் தெரியவே தெரியாது. மேல் தளத்துக்கு மட்டும் அல்ட்ராசோனிக் போடுவது, அல்லது 20 மி.மீ. மெக்கானிக்கல் போடுவது நியாயமான செலவு.

பொருத்தும்போது நடக்கும் தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்லத் தேவையில்லை. அம்புக்குறி திருப்பி மாட்டுவது, சிபிவிசி பிளாஸ்டிக் குழாயை வெட்டிய துருவலும் டெஃப்லான் டேப் நூலும் ஸ்ட்ரெய்னரில் (வடிகட்டியில்) சிக்குவது போன்றவை எந்தப் பிளம்பருக்கும் தெரியும். தெரியாமல் போவது மூன்று. முதலாவது காற்று. தொட்டி காலியாகி மறுபடி நிரம்பும்போது குழாயிலிருக்கும் காற்று மீட்டரைச் சுழற்றிவிடும். தண்ணீர் வராத நாளில்தான் ரீடிங் எகிறியது என்று புகார் வந்தால் காரணம் இதுதான். ஷாஃப்டில் மீட்டரை எப்போதும் தண்ணீர் நிறைந்து நிற்கும் தாழ்ந்த பகுதியில் வைக்க வேண்டும். இரண்டாவது எதிரோட்டம். சுடுதண்ணீரும் பச்சைத் தண்ணீரும் சேரும் மிக்சரில் ஒரு பக்க வால்வு தேய்ந்திருந்தால், சோலார்க் குழாய் வழியாக வந்த தண்ணீர் இன்னொரு மீட்டரில் பின்னோக்கிப் போய் ரீடிங்கைக் குறைக்கும். மீட்டருக்குப் பின்னே நான்ரிட்டர்ன் வால்வு (ஒரு பக்கம் மட்டும் விடும் வால்வு) இதற்கு மருந்து. மூன்றாவது இரும்பு. செம்மண் நிறத்தில் வரும் போர் தண்ணீரில் உள்ள இரும்புத் துகள் டிரை டயல் மீட்டரின் காந்த இணைப்பில் ஒட்டி, சக்கரத்தை மெல்ல இறுக்கும். மீட்டர் நிற்காது, குறைத்துக் காட்டும். அதனால் யாரும் புகார் செய்வதும் இல்லை.

சோதிக்க 20 லிட்டர் குடிநீர்க் கேன் போதும். எடை பார்த்துச் சரியான 20 லிட்டர்க் கோட்டைக் குறித்துக்கொண்டு, முழு வேகத்தில் ஐந்து கேன் பிடியுங்கள். மீட்டர் 98க்கும் 102க்கும் நடுவில் காட்ட வேண்டும். பிறகு குழாயை மெல்லத் திறந்து 20 நிமிடத்தில் 10 லிட்டர் வருமாறு வைத்துப் பிடியுங்கள். 9.5 முதல் 10.5 வரை காட்டினால் கிளாஸ் பி. எதுவுமே நகராத மீட்டரைத் திருப்பிக் கொடுங்கள்.

கொட்டேஷன் கேட்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. காசே ஆகாது. இரவு ஒரு மணியிலிருந்து நான்கு மணி வரை பம்பை நிறுத்தி, மேல் தொட்டியில் நீர்மட்டத்தைக் கம்பு விட்டு அளந்து பாருங்கள். தொட்டி நான்குக்கு மூன்று மீட்டர் என்றால் ஒரு சென்டிமீட்டர் இறங்குவது 120 லிட்டர். மூன்று மணி நேரத்தில் 5 சென்டிமீட்டர் இறங்கினால் மணிக்கு 200 லிட்டர், நாளைக்கு 4,800 லிட்டர், மாதம் 12 லாரி. மேலே போட்ட கணக்கில் 4 லட்சம் செலவழித்துப் பிடிக்கப் போகும் மிச்சத்தைவிட இது அதிகம். கசிவு பெரும்பாலும் ஃபிளஷ் டேங்கில் இருக்கும். துணிக்குப் போடும் நீலத்தை டேங்கில் நாலு சொட்டு விட்டு, கால் மணி நேரம் யாரும் பயன்படுத்தாமல், கழிவறைப் பேசினில் நீலம் இறங்குகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். ஃபிளஷ்ஷுக்குச் சுத்திகரித்த கழிவுநீர் வரும் வளாகத்தில் அந்தத் தொட்டியைத் தனியாக அளக்க வேண்டும். அங்கே கசிவது லாரித் தண்ணீர் இல்லை.

லாரியையும் இதே முறையில் பிடிக்கலாம். சம்ப் (தரைக்கடித் தொட்டி) நான்குக்கு மூன்று மீட்டர் என்றால் 12,000 லிட்டர் இறங்கியதும் மட்டம் சரியாக ஒரு மீட்டர் ஏற வேண்டும். சுவரில் பெயின்ட் கோடு போட்டு, லாரி காலியாகும் வரை மோட்டாரை நிறுத்தி வைத்தால் போதும். லாரிக் குழாயில் மாட்டும் மீட்டரைவிட இது நம்பகமானது, ஏனென்றால் அந்தக் குழாய் தண்ணீரால் நிறைந்து ஓடுவதில்லை.

மீட்டர் போட்டபின் கட்டணத்தை எப்படி வைப்பது என்பதில் பல அசோசியேஷன்கள் சறுக்குகின்றன. மொத்தச் செலவை மொத்த லிட்டரால் வகுத்து ஒரே விலை வைத்தால், மேலே சொன்ன வளாகத்தில் கிலோலிட்டர் 78 ரூபாய் வரும். கூடுதலாகச் செலவழிப்பவர் வரவழைக்கும் லாரித் தண்ணீருக்கு 150 ஆகிறது, அவர் கொடுப்பது பாதி. தலைக்கு நாள் 135 லிட்டர் வரை குறைந்த விலை, அதற்கு மேல் லாரி விலை என்று வைப்பது சரி. வரம்பை ஃப்ளாட்டுக்கு இவ்வளவு என்று வைக்காமல் ஆள் கணக்கில் வையுங்கள், இல்லையென்றால் தாத்தா பாட்டியோடு இருக்கும் வீடு காரணமில்லாமல் தண்டம் கட்டும். வீட்டு மீட்டர்களின் கூட்டுத்தொகை, தொட்டியிலிருந்து இறங்கிய அளவோடு ஒருபோதும் ஒத்துப்போகாது. தோட்டம், வாட்ச்மேன் அறை, மீட்டர் கவனிக்காத கசிவு எல்லாம் அந்த வித்தியாசத்தில் இருக்கும். அதை நிலைக் கட்டணத்தில் சேர்த்து எல்லோருக்கும் காட்டிவிட்டால் சண்டை வராது.

ஆர்டரில் எழுத வேண்டியவை: மீட்டருக்கு முன் பால் வால்வு, இரு பக்கமும் யூனியன், பின்னே நான்ரிட்டர்ன் வால்வு, ஃப்ளாட் எண், இன்லெட் பெயர், மீட்டரின் வரிசை எண், தொடக்க ரீடிங் உள்ள பட்டியல், புகைப்படத்தோடு, 160க்கு ஆறு உபரி மீட்டர், பத்தில் ஒன்றுக்குக் கேன் சோதனை, கடைசி 10 சதவீதப் பணம் மூன்று மாத ரீடிங் பார்த்தபின். முதல் மாதத்து ரீடிங்குக்குப் பில் போடாமல் வீட்டுக்காரருக்குத் தெரிவிக்க மட்டும் செய்யுங்கள், மாட்டிய தவறுகள் எல்லாம் அந்த மாதத்தில்தான் வெளியே வரும்.