இழுவலை ஆமை விலக்கி: கடலூர் விசைப்படகுகளுக்குத் தேவையா?

தை முதல் பங்குனி வரை தேவனாம்பட்டினம் கரையில் பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி கடலாமைகள்) செத்து ஒதுங்கினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இழுவலையை. ஆமை நுரையீரலால் மூச்சு விடும் உயிர். மணிக்கணக்கில் இழுக்கும் வலைக்குள் சிக்கினால் மூச்சுமுட்டிச் சாகும். விலக்கி என்பது வலையின் கடைசிப் பையான மடிக்கு முன்னால் சாய்த்துப் பொருத்தும் கம்பிச் சட்டம். இறால் கம்பிகளுக்கிடையே நுழைந்து மடிக்குப் போகும், ஆமை சட்டத்தில் முட்டி, அதையொட்டி வலையில் விட்டிருக்கும் வாசல் வழியே வெளியேறும்.

சாய்வு சுமார் 45 டிகிரி இருக்க வேண்டும். செங்குத்தாக நிமிர்ந்தால் ஆமை கம்பியிலேயே அழுந்தி நிற்கும்; ரொம்பப் படுத்தால் மீன் வெளியே ஓடும். சட்டத்தின் எடைக்கேற்ற மிதவை அவசியம். சொறி மீனும் (ஜெல்லி மீன்) பாசியும் அடைத்தால் பாடு, அதாவது பிடிபடும் மீன், குறையும், ஒவ்வொரு இழுப்புக்கும் கம்பியைத் துடையுங்கள்.

மீன் போய்விடுமென்று வாசலைத் தைத்துவிடாதீர்கள். அப்படித் தைத்த விலக்கி வெறும் இரும்புதான்.

கருவி நல்லது, தாராளமாக வாங்கலாம்.