கொடுவாவுக்கு ஏற்ற தூண்டில் தொகுப்பு: ஒரு மதிப்பீடு

சென்னைக்குத் தெற்கே கோவளம், முத்துக்காடு போன்ற கழிமுகங்களில் கொடுவா மீனுக்குப் பொழுதுபோக்காகத் தூண்டில் போடத் தொடங்குவோருக்குக் கடைக்காரர்கள் பெரும்பாலும் ஒரே வகைத் தொகுப்பைத்தான் எடுத்துக் கொடுக்கிறார்கள்: எட்டடி நீளமுள்ள இரு துண்டுக் கம்பு, 4000 அளவுள்ள ஸ்பின்னிங் ரீல், அதில் சுற்றிய பின்னல் நரம்பு, ஒரு சிறு பெட்டியில் முள், ஈயம், இரண்டு மூன்று செயற்கை இரைகள். நடுத்தர விலையுள்ள அத்தகைய ஒரு தொகுப்பைப் பருவமழைக்கு முன்னும் பின்னும், கரையிலிருந்தும் வாடகை ஃபைபர் படகிலிருந்தும் பயன்படுத்திப் பார்த்த பின் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். இதே அமைப்பைப் பல நிறுவனங்கள் வெவ்வேறு பெயர்களில் விற்பதால், கம்பையும் ரீலையும் பொறுத்தவரை பெயரை விட்டுவிட்டு அமைப்பை மட்டும் பேசுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கம்பும் ரீலும் கொடுத்த பணத்துக்குத் தகுதியானவை. ஆனால் தொகுப்போடு வரும் நரம்பும் முள்ளும் இந்த நீருக்கு ஏற்றவை அல்ல; அவற்றை முதல் நாளே மாற்றிவிட வேண்டும். வாங்குவோர் பணத்தின் பெரும்பகுதியை ரீலில் போட்டுவிட்டு, மீந்ததில் நரம்பையும் முள்ளையும் வாங்குவதைத்தான் எங்கும் காண்கிறோம். மீனுக்கும் நமக்கும் நடுவே இருப்பவை நரம்பும் முடிச்சும் முள்ளுமே ஆகையால், செலவின் வரிசையும் அவற்றிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இதற்குக் கொடுவாவின் இயல்பே காரணம். அதன் செவுள் மூடியின் விளிம்பு மெல்லிய நரம்பை ஒரே உரசலில் அறுத்துவிடும் கூர்மை உடையது. உதடுகளோ அரத்தைப் போலச் சொரசொரப்பானவை. முள் பட்டவுடன் அது நீருக்கு மேலே பாய்ந்து தலையை உதறும், அல்லது ஆளிச் சிப்பிகள் ஒட்டிய பாறைக்கோ பாலத் தூணுக்கோ பின்னால் ஓடி ஒளியும். இந்த இரண்டு செயல்களையும் தாங்கும் வகையில்தான் தொகுப்பின் ஒவ்வொரு உறுப்பும் அமைய வேண்டும்.

கம்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 10 முதல் 40 கிராம் வரை எடை வீசக்கூடியது, நுனி மட்டும் விரைவாக வளைவது, அடிப்பகுதி விறைப்பானது என்று எழுதியிருப்பவை அனைத்தும் இந்த வேலைக்குப் போதுமானவை. வாங்கும்போது வளையங்களின் உட்புறப் பீங்கானில் கீறல் உள்ளதா என்று பஞ்சால் துடைத்துப் பார்க்க வேண்டும். பஞ்சின் இழை சிக்கினால் அந்த வளையம் பின்னல் நரம்பை நாளடைவில் தேய்த்துவிடும் என்று பொருள்.

ரீலின் பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சிடப்படும் டிராக் அளவு, அதாவது நரம்பு வெளியே ஓடுவதற்கு ரீல் கொடுக்கும் தடையின் உச்ச அளவு, பலரையும் மயக்குகிறது. கழிமுகத்தில் நமக்குத் தேவைப்படுவது மூன்று அல்லது நான்கு கிலோ தடைதான். அந்த அளவில் அது திணறாமலும் விட்டுவிட்டு இழுக்காமலும் சீராக நழுவுகிறதா என்பதே ரீலின் தரத்தைக் காட்டும். நரம்பின் முனையை ஒரு சுருள்வில் தராசில் கட்டி இழுத்தால் இதைக் கடையிலேயே சோதித்துவிடலாம். நான் பயன்படுத்திய ரீல் இந்தச் சோதனையில் நன்றாகவே தேறியது. அதன் குறை வேறிடத்தில் இருந்தது: பெயில் என்னும் வளைகம்பியின் ஓரத்தில் நரம்பு உருண்டோடும் சிறு உருளைக்குள் உப்பு நுழைந்து, சில மாதங்களில் அது சுழலும்போது அரைபடும் ஒலி கேட்கத் தொடங்கியது. உப்புநீருக்கென்றே மூடிய பேரிங் உள்ள ரீல்களில் இந்தத் தொல்லை குறைவு, விலையும் அதற்கேற்ப அதிகம். மற்ற ரீல்களைக் காப்பாற்றும் வழி எளியது. வீடு திரும்பியதும் டிராக்கை முழுவதும் இறுக்கி, குழாய் நீரை மெல்லத் தூவிக் கழுவி, துணியால் துடைத்து, பின்னர் டிராக்கைத் தளர்த்தி நிழலில் வைக்க வேண்டும். ரீலை வாளி நீரில் முக்குவதும், வேகமாகப் பீய்ச்சியடிப்பதும் வெளியே இருக்கும் உப்பை உள்ளே தள்ளிவிடும்.

இனி நரம்பு. தொகுப்போடு வந்த பின்னல் நரம்பு நான்கு இழைகளால் தளர்வாகப் பின்னப்பட்டிருந்தது. நீரில் நனைந்ததும் நூல் பிரிந்து, காற்றடிக்கும் நாளில் வீசும்போதெல்லாம் சிக்கல் விழுந்தது. அதற்குப் பதிலாக எட்டு இழையில் பின்னிய, பி.இ. எண் 2 என்று குறிக்கப்பட்ட நரம்பைச் சுற்றினேன். இந்த எண் தடிமனைக் குறிப்பது; எண் 2 என்றால் ஏறக்குறைய 0.235 மில்லிமீட்டர். அந்தத் தடிமனில் நல்ல நரம்பு 30 பவுண்டு, அதாவது 13 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட இழுவையைத் தாங்கும். அதில் கால் பங்குக்கு டிராக்கை அமைத்தால் மேலே சொன்ன மூன்று முதல் நான்கு கிலோ என்ற கணக்கு சரியாக வந்துவிடுகிறது. பாக்கெட்டில் பவுண்டை மட்டும் எழுதி, தடிமனை எழுதாத நரம்பை வாங்கக் கூடாது என்று அழுத்தமாகச் சொல்வேன்.

பின்னல் நரம்பு கிட்டத்தட்ட நீளுவதே இல்லை; அதனால் மீன் தொட்டதும் விரல் அறியும், ஆனால் உரசலைத் தாங்கும் திறன் அதற்கு மிகக் குறைவு. எனவே முனையில் ஃபுளூரோகார்பன் லீடர், அதாவது உரசலைத் தாங்கும் தடித்த நரம்புத் துண்டு, கட்டாயம். ஒரு பாகம், அதாவது ஏறக்குறைய ஆறடி நீளத்துக்கு 40 பவுண்டு லீடரைக் கட்டினால் கழிமுகத்துக்குப் போதும்; பாலத் தூண்களுக்கு அருகில் வீசுவோர் 50 அல்லது 60 பவுண்டுக்கு மாறலாம். ஃபுளூரோகார்பன் நீரைவிட ஏறக்குறைய 1.8 மடங்கு அடர்த்தி உடையதால் தானாகவே அமிழும், சாதாரணத் தங்கூசியை, அதாவது நைலான் நரம்பைவிட நீருக்குள் குறைவாகவே கண்ணில் படும். இரண்டையும் இணைக்க எஃப்.ஜி. முடிச்சைக் கற்றுக்கொள்வது நல்லது. பின்னல் நரம்பு லீடரைச் சுற்றிப் பற்றிக்கொள்வதால் முடிச்சு மெலிதாக இருந்து வளையங்களில் தடையின்றி ஓடுகிறது. எந்த முடிச்சையும் இறுக்குமுன் எச்சிலாலோ நீராலோ நனைக்க வேண்டும். உலர்ந்த நரம்பை இறுக்கினால் உராய்வுச் சூட்டில் அது அந்த இடத்திலேயே பலமிழக்கும். ரீலின் உருளையில் பின்னல் நரம்பை நேரடியாகச் சுற்றினால் மொத்தமாக வழுக்கும் என்பதால், அடியில் சில சுற்றுகள் சாதாரண நைலான் நரம்பு இருக்க வேண்டும்.

முள்ளின் அளவுக் கணக்கு புதியவர்களைக் குழப்புவது. 1, 2, 4 என்று எண் ஏற ஏற முள் சிறியதாகும். 1/0, 2/0, 4/0 என்று ஏறினால் பெரியதாகும். உயிர் இரைக்கு 3/0 முதல் 5/0 வரையிலான வட்ட முள்ளைப் பரிந்துரைக்கிறேன். அதன் கூர்முனை உட்புறமாக, தண்டை நோக்கித் திரும்பியிருப்பதால், மீன் இரையை விழுங்கி விலகும்போது பெரும்பாலும் வாயின் ஓரத்தில்தான் மாட்டும். தொண்டையில் குத்துவது அரிது. இந்த முள்ளைப் போட்டிருக்கும்போது கம்பை வெடுக்கென்று இழுக்காமல், நரம்பு இறுகும்வரை சுற்றிக்கொண்டிருந்தால் போதும். நம் மீனவர்கள் நெடுங்காலமாக நம்பி வாங்கும் நார்வே நாட்டு மஸ்டாட் முட்கள் இன்றும் நம்பகமானவை.

செயற்கை இரைகளில் தொகுப்போடு வந்தவை வண்ணத்தால் கவர்ந்தனவே தவிர, அவற்றின் மும்முனை முட்கள் மெல்லிய கம்பியால் ஆனவை. ஓரளவு பெரிய மீனுக்கே நிமிர்ந்துவிட்டன. தனியாக வாங்கத் தகுந்தது ரப்பாலாவின் மிதக்கும் சிறுமீன் வடிவம். பின்லாந்து மீனவரான லௌரி ரப்பாலா 1936இல் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் உறையின் ஈயத்தாளைச் சுற்றி, புகைப்படச் சுருளை உருக்கிப் பூசி உருவாக்கிய அந்த அமைப்பு, அடிபட்ட சிறுமீனின் தள்ளாட்டத்தை அப்படியே காட்டுகிறது. கழிமுகத்தின் ஆழமற்ற ஓரங்களில் மெதுவாக இழுத்து, நிறுத்தி, மீண்டும் இழுக்கும்போது கொடுவா அதைத் தாக்குவது பெரும்பாலும் அந்த நிறுத்தத்தில்தான். ஆழமான ஓடைகளுக்கு 10 முதல் 14 கிராம் வரையிலான ஈயத்தலை முள்ளில் கோத்த நான்கு அங்குல ரப்பர் மீன் சிறந்தது, விலையும் குறைவு. மழைக்குப் பின் நீர் கலங்கியிருக்கும்போது வாலை வேகமாக அசைத்து அதிர்வு எழுப்பும் வகையையும், தெளிந்த நீரில் மடவைக் குஞ்சின் நிறத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஆயினும், புதிதாகத் தொடங்குவோருக்கு உயிர் இரையைவிடச் சிறந்த ஆசான் இல்லை. முத்துக்காட்டுக் கழியில் இடுப்பளவு நீரில் கையால் தடவியே இறால் பிடிக்கும் இருளர் மக்களிடம் உயிருள்ள இறாலைக் கேட்டு வாங்கலாம். அவர்கள் கேட்கும் விலையைப் பேரம் பேசாமல் கொடுப்பது, அந்த உழைப்பைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு இயல்பாகவே வரும். இறாலின் தலையில் கொம்புக்கு அடியில் தெரியும் கரிய புள்ளியைத் தொடாமல், அதற்கு முன்னால் ஓட்டினூடே முள்ளைச் செருகினால் அது நெடுநேரம் உயிரோடு நீந்தும். அந்தப் புள்ளியில் குத்தினால் உடனே இறந்துவிடும். மடவைக் குஞ்சை வீச்சு வலையில் பிடித்து, முதுகுத் துடுப்புக்குச் சற்று முன்னால் மேலோட்டமாகக் கோக்கலாம். நீரோட்டம் வேகமாக இருந்தால் உதட்டில் கோப்பதே சரி. மின்கலத்தில் இயங்கும் சிறு காற்றுக் குழாய் இல்லாவிட்டால் வாளியிலுள்ள இறால் நம் வெயிலில் விரைவில் சோர்ந்துவிடும் என்பதால், அந்தக் கருவியை ஆடம்பரம் என்று ஒதுக்க வேண்டாம். உயிர் இரை கிடைக்காத நாளில் புதிய சாளையை வெட்டிப் போடலாம், ஆனால் அதற்குக் கொடுவாவைவிடக் கெளுத்தியே அதிகம் வரும். கெளுத்தியின் முள் குத்தினால், தோல் வெந்துவிடாத அளவுக்குச் சூடான நீரில் அந்த இடத்தை அமிழ்த்தி வைத்தால் வலி தணியும். காயம் ஆழமாக இருந்தால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

எந்த இரையானாலும் நேரம் முக்கியம். சென்னைப் பகுதியில் ஏற்றவற்றத்தின் அளவு ஏறக்குறைய ஒரு மீட்டர்தான் என்றாலும், முகத்துவாரம் திறந்திருக்கும் மாதங்களில் வற்று நீரோடு சிறுமீனும் இறாலும் கடலை நோக்கி இழுபடும்போது, ஓட்டம் மெலியும் இடத்தில் கொடுவா காத்திருக்கும். கோடையில் மணல் மேடு முகத்துவாரத்தை அடைத்துவிட்டால் இந்தக் கணக்கு பொருந்தாது. அப்போது அதிகாலையும் அந்தியும் மட்டுமே பயன் தரும்.

படகில் செல்வோர் முதலில் வாங்க வேண்டியது உயிர்காப்பு மேலாடை. வாடகைப் படகுகளில் கிடைப்பவை பல நேரங்களில் வார் அறுந்தும் அளவு பொருந்தாமலும் இருப்பதால், சொந்தமாக ஒன்று வைத்திருந்து படகில் ஏறும் முன்னரே அணிந்துகொள்ள வேண்டும். முகத்துவாரத்தைக் கடந்து கடலுக்குள் செல்வதானால் ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் வெளியிடும் அலை முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டுச் செல்லலாம். இந்தியக் கடலோரக் காவல்படையின் மீட்பு எண் 1554 அனைவர் கைபேசியிலும் இருக்கட்டும். நங்கூரக் கயிறு நீரின் ஆழத்தைப் போல ஐந்து மடங்காவது நீளமாக இல்லாவிட்டால், காற்றில் நங்கூரம் தரையைப் பற்றாமல் இழுபடும். கம்புத் தாங்கி இரண்டு போதும். மீன் காட்டும் மின்னணுக் கருவி இரண்டு மூன்று மீட்டர் ஆழமுள்ள கழிக்குத் தேவையில்லை. அந்தப் பணத்தில் ஒளிக்கூச்சத்தைத் தடுக்கும் போலராய்டு கண்ணாடியும், ரப்பர் பூசிய அள்ளு வலையும், நீண்ட மூக்குக் குறடும் வாங்கிவிடலாம்.

அள்ளு வலையை நான் வலியுறுத்துவதற்குத் தனிக் காரணம் உண்டு. கொடுவா ஆணாக வாழ்க்கையைத் தொடங்கி, வளர்ந்த பின் பெண்ணாக மாறும் மீன்; எனவே மிகப் பெரியவை பெரும்பாலும் தாய் மீன்கள். முத்துக்காட்டில் பரிசோதனை நிலையம் நடத்தும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997இல் கொடுவாக் குஞ்சு உற்பத்தி நுட்பத்தை உருவாக்கியது. ஆயினும் கழியில் நாம் பிடிப்பவை கடல் ஈன்றவை. பெரிய மீனை உதட்டுப் பிடியில் செங்குத்தாகத் தொங்கவிட்டால் அதன் தாடையும் முதுகெலும்பும் பழுதுபடும். ஆகவே அள்ளு வலையில் நீருக்குள்ளேயே வைத்து முள்ளைக் கழற்றி, வயிற்றின் அடியில் கை கொடுத்துத் தாங்கி, அது தானே நீந்தும் வரை பிடித்திருந்து விட வேண்டும். சமையலுக்கு நடுத்தர அளவிலான ஒன்றே போதும். அதை உடனே ஐஸில் வைக்க வேண்டும், ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்ற அளவில்.

சேத்தக்கெண்டை, ஜிலேபி போன்ற சிறு மீன்களையே விரும்புவோருக்கு இந்தத் தொகுப்பு தேவைக்கு மீறியது. 2000 அல்லது 2500 அளவு ரீலும் மெல்லிய கம்பும் அவர்களுக்குப் போதும். கன்னியாகுமரிப் பாறைகளிலிருந்து பெரிய பாறை மீனுக்கு வீசுவோருக்கும், ஆழ்கடலில் வஞ்சிரத்துக்காகப் படகில் இரையை இழுத்துச் செல்வோருக்கும் இதன் வலு போதாது. கழிமுகத்தில் கொடுவாவும் செப்பிலியும் சிறு பாறை மீனும் பிடிக்க விரும்புவோர் தயங்காமல் வாங்கலாம், நரம்பையும் லீடரையும் முள்ளையும் அதே பட்டியலில் சேர்த்துக்கொண்டு.